வீட்டு பாரில் பைப் முதலில், பாட்டில் கடைசியில்

போன இதழில் மாடி ஹால் அமைப்பு பற்றி எழுதியபோது, "இடமிருந்தால் ஓரத்தில் சிங்க் வைத்த சின்ன பார் கவுன்டர்கூடப் போடலாம்" என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரிக்குத்தான். பலரும் விளக்கு, கண்ணாடி, ஸ்டூல் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் என்று கேட்டவர்கள் சிலர்தான். அந்தச் சிலரிடமிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கேள்வி: வடவள்ளியில் தனி வீடு கட்டுகிறோம். முதல் தளத்தில் செங்கல் வேலை நடக்கிறது. மாடி ஹாலில் கிழக்குச் சுவரோரம் 7 அடி நீளத்தில் சிங்க்கோடு பார் வேண்டும். பாத்ரூம் எதிர்ப்பக்கம், சுமார் 16 அடி தள்ளி இருக்கிறது. "டைல்ஸ் போடும்போது தரைக்குள்ளேயே பைப்பைக் கொண்டுபோயிடலாம் சார்" என்கிறார் பிளம்பர். நம்பலாமா? (வாசகர், கோவை)

நம்ப வேண்டாம். தண்ணீர் வரும் குழாயை எங்கே வேண்டுமானாலும் வளைத்து நெளித்துக் கொண்டுபோகலாம், அழுத்தத்தில் வருவதால் அதற்கு ஏற்றமும் ஒன்றுதான் இறக்கமும் ஒன்றுதான். கழிவுநீர் அப்படியில்லை, அது தானாகச் சரிந்து ஓட வேண்டும், அதற்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு தேவை. 16 அடிக்கு 4 அங்குலம் ஆயிற்று. அதோடு குழாயின் பருமன் ஒன்றரையோ இரண்டோ அங்குலம். கான்கிரீட்டுக்கு மேல் டைல்ஸுக்காகப் போடும் கலவையின் உயரமே பொதுவாக இரண்டு அங்குலம்தான், அதற்குள் உங்கள் பிளம்பர் ஆறு அங்குலத்தை எப்படி ஒளிப்பார்? ஒன்று, சரிவில்லாமல் குழாயைப் படுக்கவைப்பார், எலுமிச்சைச் சக்கையும் சர்க்கரைப் பாகும் அதற்குள்ளேயே தங்கிப் புளிக்கும். இல்லையென்றால் கான்கிரீட்டைக் கொத்துவார், கம்பி வெளியே தெரியும், அதைவிட மோசம்.

உங்களுக்கு நல்ல வழி இருக்கிறது, தனி வீடாயிற்றே. கிழக்குச் சுவர் வெளிச்சுவர்தான் என்றால் சிங்க்குக்கு நேர் பின்னால் சுவரைத் துளைத்துக் குழாயை வெளியே எடுத்து, சுவரோடு செங்குத்தாக இறக்கிக் கீழே கல்லி ட்ராப்பில், அதாவது வீட்டுக் கழிவுநீர் வெளியே வந்து சேரும் சின்னத் தொட்டியில், சேர்த்துவிடுங்கள். உள்ளே குழாயின் நீளம் இரண்டடிகூட வராது. செங்கல் வேலை நடக்கும்போதே குழாய் நுழைய ஸ்லீவ் (சுவருக்குள் ஒரு உறைக்குழாய்) வைத்துவிட்டால் பிறகு உடைக்கவும் வேண்டாம். அந்தப் பக்கம்தான் வீட்டின் முகப்பு, பைப் தெரிந்தால் அசிங்கம் என்று நினைத்தால் பாரை பாத்ரூமின் பின்சுவருக்கு மாற்றுங்கள். எந்தத் திசையில் வைப்பது என்று வாஸ்து நிபுணரைக் கேட்டிருக்கிறீர்களாம், அதற்கு முன்னால் குழாயைக் கேளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை, இது எல்லோருக்கும். வெளிச்சுவரில் ஏற்கெனவே மொட்டைமாடியிலிருந்து மழைநீர்க் குழாய் ஒன்று இறங்கிக்கொண்டிருக்கும். கைக்குப் பக்கத்தில் இருப்பதால் சிங்க் தண்ணீரை அதில் இணைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், ஆகவே அந்தக் குழாய் போய்ச் சேருமிடம் உங்கள் கிணறோ போர்வெல் பக்கத்துக் குழியோதான். சோப்பு நுரையும் மிச்சமிருந்த பீரும் நிலத்தடி நீரில் கலந்து, பிறகு மோட்டார் போட்டால் உங்களுக்கே திரும்பி வரும்.

அப்புறம் வாடை. பார் கட்டிய வீடுகளில் ஆறு மாதம் கழித்து வரும் முதல் புகார் இதுதான்: "ஹாலில் சாக்கடை நாற்றம் வருகிறது, எங்கிருந்து என்றே தெரியவில்லை." சிங்க்கின் அடியில் இருக்கும் பாட்டில் ட்ராப்புக்குள் இரண்டு அங்குலம் அளவுக்குத் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும், சாக்கடைக் காற்றையும் கரப்பானையும் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். சமையலறை சிங்க் தினமும் ஓடுகிறது, கவலையில்லை. பார் சிங்க்கை மாதத்துக்கு ஒருமுறை தொட்டால் அதிகம். கோவையில் பரவாயில்லை, சென்னை, மதுரை மே மாத வெயிலில் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். வாரம் ஒருமுறை ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும். ஊருக்குப் போவதாக இருந்தால் கடைசியாக ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெயை ஊற்றிவிட்டுப் போங்கள், அது மேலே படலமாக நின்று ஆவியாவதைத் தாமதப்படுத்தும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 15 அங்குலச் சதுர சிங்க் போதும், ஆழம் 7, 8 அங்குலம் இருக்கட்டும், தட்டையான சிங்க்கில் உயரமான கிளாஸைக் கழுவினால் சட்டையெல்லாம் தண்ணீர். குழாய் உயரமான ஸ்வான் நெக்காக இருக்கட்டும். அடியில் தனி ஆங்கிள் காக், அதாவது அந்தக் குழாயை மட்டும் மூடும் சின்ன வால்வு, கட்டாயம், வாஷர் போனால் வீட்டுத் தண்ணீர் மொத்தத்தையும் நிறுத்த வேண்டியதில்லை. உங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் வருமானால் அதன் இணைப்பையே பாருக்குக் கொடுங்கள். போர் தண்ணீரில் கழுவிய கண்ணாடி கிளாஸ் ஒவ்வொன்றிலும் வெள்ளைத் திட்டு படியும், விலையுயர்ந்த கிளாஸ் வாங்கியதற்கே அர்த்தமில்லாமல் போகும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் குழாயில் அழுத்தச் சோதனை செய்து, சுவரைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது ஆணி அடிக்க வரும்போது அந்தப் படம் தேவைப்படும்.

கேள்வி: வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் ஃபிளாட். பால்கனியை ஒட்டிய மூலையில் பார் வைக்க ஆசை. பால்கனியில் தண்ணீர் போகும் ஓட்டை இருக்கிறது, சிங்க்கை அதில் விட்டுவிடலாம் என்கிறார் கார்பென்டர். (வாசகர், சென்னை)

கார்பென்டரிடம் கபோர்டைப் பற்றிக் கேளுங்கள், கழிவுநீரைப் பற்றிக் கேட்காதீர்கள். பால்கனி ஓட்டை மழைநீருக்கானது, மேலே சொன்ன கதைதான், கூடுதலாக இங்கே கீழ்வீட்டுக்காரரும் அசோசியேஷனும் இருக்கிறார்கள். உங்கள் ஹாலின் தரைதான் கீழ்வீட்டின் கூரை, அதில் கசிவு வந்தால் யாருடைய செலவு என்ற சண்டை வருடக்கணக்கில் போகும். ஃபிளாட்டில் சிங்க் வைத்த பாருக்கு நியாயமான இடம் ஒன்றுதான்: சமையலறை அல்லது யூட்டிலிட்டியின் சுவருக்கு மறுபக்கம். அங்கே ஏற்கெனவே இருக்கும் சிங்க் குழாயில் சுவரைத் துளைத்துச் சேர்த்துக்கொள்ளலாம், அதுவும் அசோசியேஷனிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு.

பால்கனி மூலைதான் வேண்டும் என்றால் சிங்க்கை விட்டுவிடுங்கள். ஒரு கவுன்டர், ஒரு சின்ன ஃபிரிட்ஜ், ஐஸ் பக்கெட், தண்ணீர் ஜக், கழுவ வேண்டிய கிளாஸ்களை வைக்க ஒரு டிரே. சமையலறை பத்தடி தூரத்தில் இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் கழுவினால் ஒன்றும் குறைந்துவிடாது. உண்மையில் என்னிடம் வரும் பத்து பேரில் ஐந்தாறு பேருக்கு இதுவே போதும் என்பது என் அபிப்பிராயம், கேட்பதற்குத்தான் யாருமில்லை.

கேள்வி: ஆன்லைனில் நான்கு பார் ஸ்டூல் வாங்கிவிட்டோம். கவுன்டர் ஆறடி நீளம். இப்போது அதன் உயரம் மூன்றடியா மூன்றரை அடியா என்று வீட்டில் விவாதம். (வாசகர், திருநெல்வேலி)

முதலில் ஸ்டூலின் உட்காரும் உயரத்தை அளந்து பாருங்கள். 30 அங்குலம் என்றால் கவுன்டர் மூன்றரை அடி, அதாவது 42 அங்குலம். 24, 25 அங்குலம் என்றால் கவுன்டர் மூன்றடி. உட்காரும் பலகைக்கும் கவுன்டரின் மேற்பரப்புக்கும் நடுவே 10 முதல் 12 அங்குலம் இடைவெளி இருந்தால்தான் தொடை இடிக்காது, தோளும் ஏறாது. கால் உள்ளே போக, கல் முன்பக்கம் 10 அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். 12 அங்குலத்துக்கு மேல் நீட்டினால் அடியில் இரும்பு பிராக்கெட் கொடுங்கள், யாராவது ஒருவர் கட்டாயம் அதன்மேல் ஏறி உட்காருவார்.

ஒருவருக்கு இரண்டடி அகலம் என்று கணக்கு. நீங்கள் சொன்ன ஆறடிக் கவுன்டரில் மூன்று ஸ்டூல்தான் வசதியாக இருக்கும். நான்காவதை டிரெஸ்ஸிங் டேபிளுக்கு அனுப்பிவிடுங்கள்.

இடமிருந்தால் நான் சொல்வது இரண்டு தட்டுக் கவுன்டர். விருந்தாளி பக்கம் மூன்றரை அடி, உள்பக்கம் வேலை செய்யும் தட்டு மூன்றடி, சிங்க் அதில். வெட்டிய எலுமிச்சை, ஈரத்துணி, காலி சோடா பாட்டில் எதுவும் எதிரில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படாது. உள்ளே நிற்பவருக்கு முன்கவுன்டருக்கும் பின்சுவர் அலமாரிக்கும் நடுவே மூன்றடி விட்டாக வேண்டும், ஃபிரிட்ஜ் கதவு திறக்க அவ்வளவு தேவை. இந்த மூன்றடியைத்தான் எல்லோரும் திருடுகிறார்கள், பிறகு குனிந்து ஐஸ் எடுக்க முடியாமல் பக்கவாட்டில் நடக்கிறார்கள்.

கேள்வி: மேலே வெள்ளை மார்பிள் போட ஆசை. கீழே எந்த பிளைவுட்? (வாசகி, சேலம்)

மார்பிள் வேண்டாம். அது சுண்ணாம்புக் கல் இனம், எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விழுந்தாலே பளபளப்பு போய் மங்கலான வட்டம் நிற்கும், துடைத்தாலும் போகாது, மறுபடி பாலீஷ்தான். பார் கவுன்டரில் எலுமிச்சையும் ஒயினும் விழாத நாளே இருக்காது. கிரானைட் இதற்கெல்லாம் அசையாது. பக்கத்தில் கிருஷ்ணகிரியை வைத்துக்கொண்டு நீங்கள் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. கறுப்புதான் வேண்டுமென்றால் திண்டிவனம் பக்கத்துக் குன்னம் கறுப்பு அருமையான கல், ஆனால் பாலீஷ் போட்ட கறுப்பில் தண்ணீர்க் கறையும் கைரேகையும் அப்படியே தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சொரசொரப்பான லெதர் ஃபினிஷில் கேட்டு வாங்கினால் அந்தத் தொல்லை குறைவு. வெள்ளை கட்டாயம் என்றால் குவார்ட்ஸ் போடுங்கள், கறை பிடிக்காது, ஆனால் அதில் பிசின் கலந்திருப்பதால் அடுப்பிலிருந்து இறக்கிய கடாயை நேரே வைக்கக் கூடாது.

பிளைவுட்டில் சிங்க் இருக்கும் பெட்டிக்கு மட்டும் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளை. மற்ற பெட்டிகளுக்கு ஐ.எஸ். 303 போதும், அதிலும் கொதிநீரையும் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். ரகம். முத்திரை ஒவ்வொரு ஷீட்டிலும் அச்சிட்டிருக்கும், அறுப்பதற்கு முன்னால் நீங்களே பாருங்கள், அறுத்து மைக்கா ஒட்டிய பிறகு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். சிங்க்கின் கீழே பின்பலகையே இல்லாமல் விட்டாலும் நல்லதுதான், கசிவு வந்தால் உடனே தெரியும்.

கேள்வி: இப்படிப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் குடும்பப் பத்திரிகையில் பதில் எழுதலாமா? (வாசகர், கும்பகோணம்)

குடிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. மது நாட்டிற்கு, வீட்டிற்கு, உயிருக்குக் கேடு என்று பாட்டிலிலேயே எழுதியிருக்கிறது, அதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது? என் வேலை கீழ்வீட்டுக் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்வது.

கேள்வி: மார்க்கம் நகரில் வீடு. பேஸ்மென்டை முடித்து ஒரு பக்கத்தில் வெட் பார் (சிங்க் வைத்த பார்) போட விருப்பம். பில்டர் பாத்ரூமுக்கு ரஃப்-இன் (தரைக்கடியில் முன்கூட்டியே போட்ட குழாய் இணைப்பு) விட்டிருக்கிறார், ஆனால் பார் வரும் இடம் அதற்கு எதிர்மூலை. தெரிந்த ஒருவர் பெர்மிட் இல்லாமலே செய்து தருகிறேன் என்கிறார். (வாசகர், ஒன்டாரியோ, கனடா)

கோவை வாசகருக்குச் சொன்ன சரிவுக் கணக்கு உங்களுக்கும் அதேதான், ஆனால் உங்களுக்குக் கீழே தளம் இல்லை, மண்தான் இருக்கிறது. எதிர்மூலைக்குக் குழாய் கொண்டுபோக வேண்டுமென்றால் கான்கிரீட் தரையை நீளமாக வெட்டித் திறக்க வேண்டும். பாரை ரஃப்-இன் பக்கத்துக்கே இழுத்துவிட்டால் வெட்டும் நீளம் சில அடிகளாகக் குறையும், செலவில் பெரிய பங்கு அங்கேதான் மிஞ்சும். தெருச் சாக்கடைக் குழாய் உங்கள் பேஸ்மென்ட் தரையைவிட உயரத்தில் இருக்கும் வீடு என்றால் பம்ப் தேவைப்படும், அதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். சிங்க்கின் கழிவுக் குழாய்க்குக் காற்று வர வென்ட் குழாயும் வேண்டும். அது இல்லையென்றால் தண்ணீர் போகும்போது கடகடவென்று சத்தம் வருவதோடு ட்ராப்பிலிருக்கும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும், பிறகு நாற்றம்.

தண்ணீர்க் குழாயை வெளிச்சுவருக்குள் ஓடவிடாதீர்கள். ஜனவரிக் குளிரில் உறைந்து வெடித்தால் முடித்த பேஸ்மென்ட் முழுக்க நனையும். உட்சுவர்தான் சரி. 2024 ஜூலையில் டொரன்டோ பகுதியில் பெய்த மழையில் எத்தனை பேஸ்மென்ட்களுக்குள் தண்ணீர் வந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் திரும்பி ஏறாமல் தடுக்கும் பேக்வாட்டர் வால்வு இல்லாத வீடு என்றால், எப்படியும் தரையை வெட்டும்போது அதையும் போட்டுவிடுங்கள். பெட்டிகளைத் தரையில் நேரே உட்காரவிடாமல் கால் வைத்து நிறுத்துங்கள்.

பெர்மிட் விஷயத்தில் அந்தத் தெரிந்தவரைத் தவிர்த்துவிடுங்கள். ஒன்டாரியோவில் புதிதாக பிளம்பிங் சேர்க்க நகரசபையின் கட்டட அனுமதி வேண்டும், மின்வேலைக்கு மின் பாதுகாப்பு ஆணையத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். வீட்டை விற்கும்போதோ, தண்ணீர் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் கேட்கும்போதோ இந்தத் தாள்களைத்தான் கேட்பார்கள். சிங்க்கிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் வரும் பிளக்குகளுக்கு மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. பாதுகாப்பு வேண்டும். கடைசியாக, "அப்படியே ஒரு அடுப்பும் வைத்துவிடலாமே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அடுப்பு வந்துவிட்டால் அது பார் இல்லை, இரண்டாவது சமையலறை, அதற்கு விதிகளும் அனுமதியும் வேறு.

கேள்வி: ஹாலில் பார் வைத்தே தீருவேன் என்கிறார் கணவர். அதே ஹாலில்தான் பதினோராம் வகுப்பு மகன் படிக்கிறான், மாமனார் மாமியார் டிவி பார்க்கிறார்கள். எனக்குச் சங்கடமாக இருக்கிறது. நடுவழி ஏதாவது உண்டா? (வாசகி, திருச்சி)

இருக்கிறது. மூடினால் சாதாரண அலமாரியாகத் தெரியும்படி கட்டச் சொல்லுங்கள்: கதவு உள்ளே தள்ளிக்கொண்டு போகும் பாக்கெட் டோர், உள்ளே சிங்க், சின்ன ஃபிரிட்ஜ், விளக்கு. பகலில் திறந்தால் அது காபி போடும் இடம், ஜூஸ் பிழியும் இடம், மாமியாருக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கும் இடம். சமையலறைக்கு வெளியே ஒரு சிங்க் இருப்பது எந்த வீட்டிலும் வீண் போகாது. பாட்டில்கள் மட்டும் கீழ்ப்பெட்டியில், பூட்டோடு. பூட்டு என்றால் காந்தப் பூட்டோ சின்ன கொக்கியோ இல்லை, சாவி போட்டுத் திருப்பும் பூட்டு. தமிழ்நாட்டில் மது வாங்கவே 21 வயது ஆகியிருக்க வேண்டும், பதினாறு வயதுப் பையன் இருக்கும் வீட்டில் கண்ணாடி ஷெல்ஃபில் விளக்குப் போட்டு அடுக்கி வைப்பதை நான் வரைந்து தர மாட்டேன் என்று சொன்னதாகவே அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் கடிதத்தில் கோடிகாட்டியிருக்கும் மற்ற விஷயம், அவர் தினமும் குடிப்பது, அலமாரியால் தீர்வதில்லை. அதற்கு டாக்டரைத்தான் பார்க்க வேண்டும், அதை பார் கட்டுவதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள்.

கேள்வி: மேற்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் கண்ணாடி ஷெல்ஃப் அமைத்து, வெளியூரிலிருந்து வாங்கிவந்த பாட்டில்களை அடுக்கப்போகிறேன். பாண்டிச்சேரியிலிருந்தும் கொஞ்சம் கொண்டுவர எண்ணம். (வாசகர், விழுப்புரம்)

மேற்கு வெயில் பாட்டிலுக்கு எமன். ஒயின் சூட்டில் கெடும், பச்சை நிற, நிறமில்லாத பாட்டிலில் இருக்கும் பீர் வெளிச்சம் பட்டாலே வாடை மாறிவிடும். ஷெல்ஃபை ஜன்னலுக்கு எதிரே இல்லாத சுவருக்கு மாற்றுங்கள். 10 மில்லிமீட்டர் டஃபன்ட் கண்ணாடி போடுங்கள், நிறைந்த ஃபுல் பாட்டில் ஒன்று ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும், பத்து பாட்டில் வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே 14 அங்குலம் விடுங்கள். விஸ்கி, பிராந்தி எல்லாம் நிமிர்ந்தே நிற்கட்டும், படுக்கவைத்தால் சாராயம் கார்க்கை அரித்துவிடும். கார்க் போட்ட ஒயின் மட்டும்தான் படுக்க வேண்டும்.

பாண்டிச்சேரி எண்ணத்தை விட்டுவிடுங்கள். அங்கே வாங்கிய பாட்டிலை எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம், வழியில் சோதனைச் சாவடி இருப்பது உங்கள் ஊர்க்காரர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருபவர் வரியில்லாமல் 2 லிட்டர் கொண்டுவரலாம், பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்பதற்கும் ஒவ்வொரு மாநிலத்திலும் வரம்பு உண்டு, ஷெல்ஃபின் நீளத்தை அதைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

கேள்வி: ஃபிரிட்ஜை கவுன்டருக்குக் கீழே பெட்டிக்குள் வைத்தோம், குளிரவே இல்லை. (வாசகர், ஈரோடு)

சாதாரண மினி ஃபிரிட்ஜ் பின்னாலும் பக்கத்திலும் சூட்டை வெளியே விடும், அதைப் பெட்டிக்குள் அடைத்தால் அந்தச் சூட்டிலேயே அது வேகும். பின்னால் நான்கு அங்குலம், இருபக்கமும் இரண்டு அங்குலம் விட்டு, பெட்டியின் அடியிலும் மேலேயும் காற்றோட்டத்துக்கு ஜாலி வெட்டுங்கள். புதிதாக வாங்குபவர்கள் முன்பக்கமாகச் சூட்டை விடும் அண்டர்கவுன்டர் ஃபிரிட்ஜா என்று கேட்டு வாங்குங்கள், விலை அதிகம்தான். பிளக்கை சிங்க் பெட்டிக்குள் வைக்காதீர்கள், அந்த லைனுக்கு, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஹோட்டலில் தரும் ஐஸ் கண்ணாடி மாதிரி இருக்கிறது. வீட்டில் வெள்ளையாகவே வருகிறது. (வாசகர், தூத்துக்குடி)

டிரேயில் குளிர் எல்லாப் பக்கத்திலிருந்தும் தாக்குகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றும் உப்பும் ஒதுங்க வழியில்லாமல் நடுவில் மாட்டிக்கொள்கின்றன, அதுதான் அந்த வெள்ளை. ஃப்ரீஸருக்குள் அடங்கும் சின்ன தெர்மோகோல் பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை இறுக்கமாக வைத்து, தண்ணீர் ஊற்றி, மூடாமல் விடுங்கள். குளிர் மேலிருந்து மட்டும் இறங்கும், கலங்கல் எல்லாம் அடியில் ஒதுங்கும். ஒரு நாள் முழுக்க விட்டு எடுத்து, ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு, ரொட்டி அறுக்கும் கத்தியால் கோடு கிழித்துத் தட்டினால் அடிப்பகுதி தனியே உடைந்து வரும். மேலே இருப்பது எதிர்ப்பக்கம் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்கும்.